ஆவணக் கணினிக்கு எந்தக் கோப்பு முறைமை? கேர்னல் சண்டையையும் கணக்கில் எடுத்து ஓர் ஒப்பீடு

எங்கள் சனசமூக நிலையத்து அலுமாரிகளில் பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்கள்), பழைய பத்திரிகைக் கட்டுகள் எல்லாம் கிடக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து வைக்க ஒரு கணினி ஒதுக்கியாயிற்று. 4 டெராபைட் வன்தட்டு இரண்டு. லினக்ஸ் போடுவது என்றும் முடிவாகிவிட்டது. அந்தத் தட்டுகளை எந்தக் கோப்பு முறைமையில் (தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையில்) போர்மட் செய்வது என்பதுதான் மிச்சம்.

சின்னக் கேள்வி போலத் தெரியும். ஆனால் ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐ-யில் நிறத்தோடு, சுருக்காமல் டிஃப் கோப்பாக எடுத்தால் ஏறத்தாழ 26 மெகாபைட் வரும். 40 பக்க மலர் ஒன்றுக்கே ஒரு கிகாபைட் போய்விடும். தட்டுகள் நிரம்பிய பிறகு கோப்பு முறைமையைப் பத்திரமாக மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் வேறு தட்டுக்கு இறக்கி, சரிபார்த்து, போர்மட் செய்து, திரும்ப ஏற்ற வேண்டும். அதற்குக் காசும் வேண்டும், பக்கத்தில் இருந்து பார்க்க ஆளும் வேண்டும். ஆகவே இப்போதே வடிவாக யோசித்துவிடுவது நல்லது.

என்ன ஆபத்துக்கு எதிராகக் காக்கப் போகிறோம்? முதலாவது, தட்டு சத்தமில்லாமல் பிழை விடுவது. எழுதியது ஒன்று, சில வருடம் கழித்து வாசிக்கும்போது வருவது வேறொன்று. படத்தின் நடுவே ஒரு கோடு விழும், அல்லது கோப்பே திறக்காது. இரண்டாவது கரண்ட். 2022 நெருக்கடியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நின்றதை நாங்கள் எல்லோரும் அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9 அன்று தீவு முழுவதும் ஒரே நேரத்தில் நின்றது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு முறைமை எந்த நிலையில் நிற்கும் என்பது இங்கே முக்கியமான கேள்வி. மூன்றாவதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அந்தக் கோப்பு முறைமையை எழுதியவர்களும் அதைக் கேர்னலுக்குள், அதாவது லினக்ஸின் கருவுக்குள், ஏற்றுக்கொள்பவர்களும் தொடர்ந்து சேர்ந்து வேலை செய்வார்களா? பத்து வருடம் கழித்து வரும் லினக்ஸும் இந்தத் தட்டைத் திறக்குமா? கடந்த இரண்டு வருடச் சம்பவங்களைப் பார்த்தபின் எனக்கு இந்த மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும் விடப் பெரிதாகத் தெரிகிறது.

வசதிகளை மட்டும் பார்த்தால் பிகேஷ்எஃப்எஸ் (bcachefs) என்ற கோப்பு முறைமைதான் முன்னுக்கு நிற்கும். ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் செக்சம், அதாவது தரவு மாறினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண், வைக்கும். இரண்டு தட்டிலும் பிரதி வைக்கும். சுருக்கம், குறியாக்கம், ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைப்பது) எல்லாம் உண்டு. சின்ன எஸ்எஸ்டி ஒன்றை முன்னால் வைத்து, வேகம் குறைந்த பெரிய தட்டுகளைப் பின்னால் வைத்து ஒரே கோப்பு முறைமையாக ஓட்டலாம். எங்களைப் போலப் பழைய கணினியையும் மலிவுத் தட்டுகளையும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடைசி வசதி பெரிய ஆசை காட்டும்.

இதை எழுதியவர் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட். எஸ்எஸ்டியை வைத்து மெதுவான தட்டை வேகமாக்க அவர் முன்பு எழுதிய பிகேஷ் 2013-ல் லினக்ஸ் 3.10-ல் சேர்ந்தது, அதிலிருந்து வளர்ந்த இந்தக் கோப்பு முறைமையை 2015-ல் அறிவித்தார். 2023 நடுப்பகுதியில் கேர்னலில் சேர்க்கக் கேட்டபோது உடனே நடக்கவில்லை. தன் அடைவுக்கு வெளியே, கேர்னலின் பொதுப் பகுதிகளிலும் அது மாற்றம் கேட்டது ஒரு காரணம். லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற பொதுச் சோதனை மரத்தில் (குறிமுறைத் தொகுப்பில்) வைக்காமல் நேரே வந்தது இன்னொரு காரணம். அந்தக் குறைகளைத் தீர்த்த பிறகு, பரிசோதனை நிலை என்ற குறிப்போடு 6.7-ல் சேர்ந்தது. 6.7 வெளிவந்தது 2024 ஜனவரியில்.

அதன் பிறகு வந்த சண்டை முழுக்க நேரம் பற்றியது. கேர்னல் ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு வாரம் மட்டும் புது விடயங்களை ஏற்கும். அது முடிந்ததும் வாரத்துக்கு ஒன்றாக ஏழு அல்லது எட்டுச் சோதனைப் பதிப்புகள் வரும். அந்த வாரங்களில் பிழை திருத்தம் மட்டும்தான், புது வசதி கிடையாது. தேர் வடம் பிடித்த பிறகு உடைந்த சில்லைச் சரிசெய்யலாம், புதுச் சில்லுப் பூட்ட ஏலாது என்ற மாதிரி. ஓவர்ஸ்ட்ரீட்டும் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டது எது திருத்தம், எது புதியது என்பதில்தான்.

2024 ஆகஸ்டில், 6.11 தயாராகிக்கொண்டிருந்தபோது, ஆயிரம் வரியைத் தாண்டிய மாற்றம் ஒன்று திருத்தம் என்ற பெயரில் வந்தது. பிகேஷ்எஃப்எஸ்-ஐக் கேர்னலில் சேர்த்ததற்கே வருந்தத் தொடங்குகிறேன் என்ற பொருளில் டோர்வால்ட்ஸ் அப்போது பதில் எழுதினார். அதே வருடம் நவம்பரில், இன்னொரு உருவாக்குநரிடம் ஓவர்ஸ்ட்ரீட் பேசிய விதத்துக்காக நடத்தை விதிக் குழு தலையிட்டது, 6.13 சுற்றில் அவருடைய மாற்றங்கள் ஏற்கப்படவில்லை. 2025 ஜூனில் 6.16-ன் சோதனைப் பதிப்புகள் வந்துகொண்டிருந்தபோது, பழுதான கோப்பு முறைமையை முன்னைய நிலைக்குப் பின்னோக்கி எடுத்து மீட்கும் புதிய வழி ஒன்றை அனுப்பினார். டோர்வால்ட்ஸ் அதை உள்ளே எடுத்தார். எடுத்துவிட்டு, 6.17-ல் நாங்கள் பிரிந்துவிடுவோம் என்று நினைக்கிறேன் என்று சொன்னார். சொன்னபடியே 6.17-ல் புதிய மாற்றம் எதுவும் ஏற்கப்படவில்லை. வெளியில் பராமரிக்கப்படுவது என்று குறித்தார்கள். 6.18-ல் அந்தக் குறிமுறை முழுவதும் கேர்னலிலிருந்து நீக்கப்பட்டது. உள்ளே வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

இந்தக் கதையில் இரண்டு பக்கத்தின் நியாயத்தையும் மதித்துத்தான் பார்க்க வேண்டும். ஓவர்ஸ்ட்ரீட் சொன்னது இதுதான்: தரவை இழந்த பயனர் ஒருவர் எதிரில் நிற்கிறார், அவருடைய கோப்புகளை மீட்கும் வழி கையில் இருக்கிறது, அடுத்த இரண்டு மாதத்துக்கு அதைப் பூட்டி வைப்பது எப்படி நியாயமாகும்? கோப்பு முறைமை எழுதும் ஒருவர் அப்படிக் கவலைப்பட வேண்டும். அந்தக் கவலை இல்லாத ஒருவர் எழுதியதை நான் நம்பமாட்டேன்.

ஆனாலும் என் தீர்ப்பு டோர்வால்ட்ஸ் பக்கம்தான். பரிசோதனை நிலையில் இருக்கும் ஒன்றைத் தெரிந்தே பயன்படுத்துபவருக்கு மீட்புக் கருவியைத் தனி மரத்திலிருந்து உடனே கொடுக்கலாம். அதற்குக் கேர்னலின் விதியை வளைக்க வேண்டியதில்லை. மறுபக்கம், சோதனை வாரங்களில் புது விடயம் வராது என்ற நம்பிக்கையில்தான் உலகம் முழுக்க விநியோகங்கள் (டெபியன், உபுண்டு போன்ற ஆயத்த லினக்ஸ் தொகுப்புகள்) கேர்னலை எடுத்துச் சோதிக்கின்றன. ஒருவருக்கு அந்த விதியைத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டிவரும். அவசரமாக எழுதிய மீட்புக் குறிமுறையிலும் பிழை இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

யார் சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். விலை கொடுத்தது பயனர். 6.7-ஐ நம்பித் தட்டைப் போர்மட் செய்தவர் இப்போது டிகேஎம்எஸ் முறையில், அதாவது ஒவ்வொரு கேர்னல் புதுப்பிப்போடும் கணினியிலேயே மீண்டும் கட்டப்படும் வெளி மொட்யூலாக அதை ஓட்ட வேண்டும். நீண்டகால ஆதரவுள்ள 6.12-ல் அந்தக் குறிமுறை இன்னும் கிடக்கிறதுதான். ஆனால் அதன் பிறகு செய்யப்பட்ட ஏராளமான திருத்தங்கள் அதில் இல்லை. டெபியனில் அதன் கருவித் தொகுப்பைப் பராமரித்தவரும் 2024-லேயே கைவிட்டுவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வேலை இன்னும் பெரும்பாலும் ஒரே ஒருவரின் தோளில் நிற்கிறது. மாற்றுப் பிரதி எடுக்க முடியாத கல்வெட்டுகளை அங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, கேர்னலுக்கு வெளியே இருப்பதே குறையா? இசட்எஃப்எஸ் (ZFS) என்ற இன்னொரு கோப்பு முறைமையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. சன் நிறுவனம் அதை 2005-ல் சிடிடிஎல் உரிமத்தில் திறந்தது. லினக்ஸ் கேர்னலின் ஜிபிஎல் உரிமத்தோடு அது ஒத்துப்போகாது என்பதே பெரும்பாலானோரின் வாசிப்பு. 2010-ல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனது. ஆரக்கிளின் தலைமைச் சட்ட ஆலோசகரோ அதன் நிறுவனர் லாரி எலிசனோ கையெழுத்திட்ட கடிதம் வராமல் சேர்க்கமாட்டேன் என்று 2020 ஜனவரியில் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆகவே இந்தக் கதவு திறக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

அதற்கு ஒரு வருடம் முன்பு நடந்தது இன்னும் பாடமானது. கேர்னல் 5.0-ல், செக்சம் கணக்கை வேகமாக்க இசட்எஃப்எஸ் பயன்படுத்திய உள் வசதி ஒன்றை எடுத்துவிட்டார்கள். வெளியில் இருக்கும் மொட்யூலுக்காக உள் அமைப்பைக் காப்பாற்றி வைக்கமாட்டோம் என்பது கேர்னல்காரர்களின் பழைய நிலைப்பாடு. இசட்எஃப்எஸ் ஆட்கள் தாங்களே மாற்றுக் குறிமுறை எழுதிச் சமாளித்தார்கள். இங்கேதான் எனக்கு வேறுபாடு தெரிகிறது. இசட்எஃப்எஸ் ஒருநாளும் உள்ளே இருந்ததில்லை. வெளியில் வாழ அது பழகிவிட்டது. அதன் பின்னால் பல நிறுவனங்கள், ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தின் பயனர்கள், இருபது வருட அனுபவம் எல்லாம் இருக்கின்றன. பிகேஷ்எஃப்எஸ் உள்ளே வந்து, ஆட்கள் நம்பிப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு வெளியே போனது. இரண்டும் இன்று டிகேஎம்எஸ்தான் என்றாலும் ஒரே தரத்தில் வைக்க ஏலாது.

குணத்தில் இசட்எஃப்எஸ் மிகவும் உறுதியானது. ஸ்க்ரப் ஓடவிட்டால் ஒவ்வொரு துண்டையும் வாசித்து, செக்சம் பிழைத்தால் மற்றத் தட்டின் நல்ல பிரதியிலிருந்து தானே திருத்தும். அதற்காகப் பிழையே வராதது என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபரில் 2.2 வெளியானது, நவம்பரில், நகல் எடுத்த கோப்புகளில் சில துண்டுகள் பூச்சியமாக வாசிக்கப்படும் பிழை வெளிப்பட்டது. தேடிப் பார்த்தால் அதன் வேர் பழைய பதிப்புகளிலும் இருந்தது. திருத்தம் கெதியாகவே வந்தது.

எங்களுக்கு இசட்எஃப்எஸ்-ன் சிக்கல் வேறு. டெபியனில் அது மூலக் குறிமுறையாக வந்து எங்கள் கணினியில் கட்டப்படும். புதுக் கேர்னலுக்கு அந்த மொட்யூலைக் கட்ட முடியாமல் போனால், மறுநாள் கணினியைப் போட்டதும் தட்டுகள் வராது. தரவு அப்படியே பத்திரமாக இருக்கும். ஆனால் திரையில் ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் நிலையத்தில் யார் இருப்பார்? எங்கள் தொண்டர்களில் பாதிப் பேர் உயர்தரம் முடித்து வளாகம் போகக் காத்திருக்கும் பிள்ளைகள், மற்றவர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். உபுண்டு 16.04 தொடங்கி மொட்யூலைக் கட்டியே தருகிறது. இந்த ஆபத்து அங்கே மிகவும் குறைவு. அப்படித் தருவது உரிம மீறல் என்று மென்பொருள் விடுதலை அமைப்பினர் சிலர் வாதிட்டார்கள், உபுண்டு நிறுவனம் மறுத்தது. அந்தத் தகராறு எங்கள் ஊர் நிலையத்தின் கதவைத் தட்டாது. என்றாலும் சம்பளத்துக்கு ஒரு முறைமை நிர்வாகியை வைத்திருக்கும் பல்கலைக்கழக நூலகம் போன்ற இடத்துக்கு நான் இசட்எஃப்எஸ்-ஐத் தயங்காமல் சொல்வேன். எங்களுக்குச் சொல்லமாட்டேன்.

அடுத்த தெரிவான பிடிஆர்எஃப்எஸ் (btrfs) எதிர்த் திசையில் போனது. ஆரக்கிளில் இருந்தபோது கிறிஸ் மேசன் 2007-ல் தொடங்கினார். 2009-லேயே, இன்னும் முற்றாத நிலையில், 2.6.29-ல் சேர்ந்துவிட்டது. அதற்கான விலையைப் பல வருடம் கொடுத்தது. தரவைத் தின்னும் கோப்பு முறைமை என்று பெயர் கெட்டது. ரெட் ஹெட் 2017-ல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. 2019-ல்கூட 5.2 கேர்னலின் தொடக்கப் பதிப்புகளில் தரவைப் பழுதாக்கும் பிழை ஒன்று வந்து போனது. ஆனால் உள்ளே இருந்ததால், யார் கேர்னலின் எந்தப் பகுதியை மாற்றினாலும் பிடிஆர்எஃப்எஸ்-ஐயும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. சூசே 2014-ல் அதை இயல்பு நிலையாக்கியது, ஃபெடோரா மேசைக் கணினிகளுக்கு 2020-ல். ஃபேஸ்புக் தன் சேவையகங்களில் ஓட்டுகிறது. ஒரு நிறுவனம் விலகினாலும் வேலை நிற்கவில்லை. நான் தேடுவது இதைத்தான்.

இரண்டு தட்டுகளில் ரெய்டு1 முறையில், அதாவது ஒரே தரவை இரண்டிலும் பிரதியாக, வைத்தால் இசட்எஃப்எஸ் போலவே செக்சம் பார்த்துத் தானே திருத்தும். ஸ்னாப்ஷாட்டும் உண்டு: ஒரு பிள்ளை தவறுதலாக ஒரு அடைவை அழித்தால் நேற்றைய நிலையிலிருந்து எடுக்கலாம். முழுப் பிரதிக்குப் பதிலாகக் கணக்கிட்ட மீட்புத் தரவை வைக்கும் ரெய்டு5, ரெய்டு6 பக்கம் போகவே கூடாது. எழுதும் நடுவே மின்சாரம் போனால் தரவும் அந்த மீட்புத் தரவும் முரண்படும் ஓட்டை இன்னும் முழுதாக அடைபடவில்லை. கரண்ட் நின்று நின்று வரும் ஊருக்கு அது சரிவராது. இன்னொன்று, ஒரு தட்டு செத்தால் சாதாரணமாக மவுண்ட் ஆகாது, அதாவது திறக்காது. குறைந்த நிலையிலும் திற என்று நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதனால் இயங்குதளத்தைத் தனி எஸ்எஸ்டியில் லினக்ஸின் வழமையான கோப்பு முறைமையான எக்ஸ்ட்4-லும், ஆவணங்களை மட்டும் இந்த இரட்டைத் தட்டிலும் வைப்பது நல்லது.

மலிவு யூஎஸ்பி பெட்டிகளையும் தவிர்க்க வேண்டும். எழுதி முடித்துவிட்டேன் என்று தட்டு பொய் சொன்னால், மின்சாரம் போனபின் பிடிஆர்எஃப்எஸ் மவுண்ட் ஆகாமலே நிற்கக்கூடும். தட்டுகளை நேரே சாட்டா கேபிளில் பூட்டுங்கள். கடையில் வாங்கும்போது எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி எழுதும்) வகையா என்று மாதிரி எண்ணை வைத்துப் பாருங்கள். அந்த வகை, பழுதான தட்டை மாற்றும்போது மிக மெதுவாகப் போகும்.

எக்ஸ்ட்4 பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எல்லோருக்கும் தெரிந்தது, எங்கும் திறக்கும். ஆனால் அது வந்த வழி சொல்ல வேண்டியது. 2006-ல் எக்ஸ்ட்3-க்குள் பெரிய மாற்றங்களைப் போட வேண்டும் என்று சிலரும், கோடிக்கணக்கான கணினிகளில் ஓடுவதைக் குழப்பக் கூடாது என்று சிலரும் மோதினார்கள். கடைசியில் எக்ஸ்ட்3-ஐத் தொடாமல், பக்கத்தில் புதிய பெயரில் ஒன்றை வளர்ப்பது என்று இணங்கினார்கள். 2.6.19-ல் வளர்ச்சி நிலையில் சேர்ந்து, 2008 டிசம்பரில் 2.6.28-ல் நிலையானதாக அறிவிக்கப்பட்டது. சண்டை நடந்தாலும் வேலை தொடர்ந்தது. பிகேஷ்எஃப்எஸ் விடயத்தில் இப்படி ஓர் இணக்கம் கிடைக்காமல் போனது எனக்கு இன்றும் மனவருத்தம்தான்.

அதன் குறை, தரவுக்குச் செக்சம் இல்லை. தன் உள்விவரங்களுக்கு வைத்துக்கொள்ளும், எங்கள் படத்துக்கு வைக்காது. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையும் இதில் அப்படித்தான். பெரிய கோப்புகளுக்கு அது நல்லது, ரெட் ஹெட்டின் இயல்புத் தெரிவு, ஆனால் எங்கள் தேவைக்கு எக்ஸ்ட்4-ஐ விட மேலாக எதுவும் தராது. செக்சம் இல்லாத குறையைப் பேக்இட் முறையால் பாதி தீர்க்கலாம். ஒவ்வொரு மலரின் அடைவிலும் எல்லாக் கோப்புகளின் ஷா-256 பெறுமதிகளை (ஒரு வகைச் செக்சம்) ஓர் எழுத்துக் கோப்பாக வைப்பது அந்த முறை. பழுது தெரியவரும், தானாகத் திருந்தாது. மற்றப் பிரதியிலிருந்து நாங்கள் எடுக்க வேண்டும்.

ஆட்கள் கொண்டுவரும் வெளித் தட்டுகள் பல விண்டோஸின் என்டிஎஃப்எஸ்-இல் இருக்கும். பாரகன் நிறுவனம் கொடுத்த என்டிஎஃப்எஸ்3 2021-ல் 5.15-ல் சேர்ந்தது, சில மாதத்திலேயே பராமரிப்பவர் பதில் சொல்வதில்லை என்று முறைப்பாடு வந்தது. வாசிக்க மட்டும் பயன்படுத்துங்கள், காப்பகமாக வைக்க வேண்டாம்.

ஆகவே எங்கள் நிலையத்துக்கு நான் சொல்லும் தெரிவு இது. டெபியன் நிலைப் பதிப்பு, ஆவணங்களுக்குப் பிடிஆர்எஃப்எஸ் ரெய்டு1, மாதம் ஒருமுறை ஸ்க்ரப். இரண்டாவது பிரதி வேறு ஊரில், ஓர் உறுப்பினர் வீட்டில், எக்ஸ்ட்4 தட்டில் பேக்இட் பட்டியலோடு. 1981-ல் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் ஒரே கட்டடத்தில் எரிந்த யாழ்ப்பாணப் பட்டினத்தில் பிரதிகளைப் பிரித்து வைப்பதற்கு நான் காரணம் சொல்லத் தேவையில்லை. இரண்டு பிரதியும் இரண்டு வேறு கோப்பு முறைமையில் இருப்பது வேண்டுமென்றே செய்வது: ஒன்றின் குறிமுறையில் நாளை ஒரு பிழை வந்தால் மற்றதை அது தொடாது.

பிகேஷ்எஃப்எஸ் பற்றி என் மனம் மாறுமா? மாறலாம். ஒருவருக்கு மேற்பட்டவர்கள் அதைப் பராமரிக்க வேண்டும், டெபியன் போன்ற ஒரு விநியோகம் அதன் கருவிகளைத் திரும்ப ஏற்றுப் பல பதிப்புகளுக்குச் சுமக்க வேண்டும், கேர்னல் மாறும்போதெல்லாம் மொட்யூல் தாமதமில்லாமல் வர வேண்டும். இசட்எஃப்எஸ் வெளியிலிருந்தே இந்த மூன்றையும் பெருமளவு செய்துகாட்டியிருப்பதால், நடக்காத காரியம் என்று சொல்லமாட்டேன். அதுவரைக்கும் நிலையத்தில் கிடக்கும் பழைய கணினியில், வேறு இடத்தில் பிரதி உள்ள கோப்புகளை மட்டும் போட்டு, பிள்ளைகள் அதை ஓட்டிப் பழகட்டும்.

இதற்கெல்லாம் முன்பு வாங்க வேண்டியது ஒரு யூபிஎஸ். பற்றரி குறைந்ததும் யூஎஸ்பி கேபிள் வழியே கணினிக்குச் சொல்லி ஒழுங்காக நிறுத்த வைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். தட்டுக்கு ஒதுக்கிய காசு போதாவிட்டால் தட்டைச் சிறிதாக்குங்கள், யூபிஎஸ்-ஐ விட வேண்டாம்.